ஆப்பர்ச்சுனிட்டி அப்படிச் சொல்லவில்லை

பிப்ரவரி மாதம் வந்துவிட்டால் அந்த வாசகம் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் தலைகாட்டிவிடுகிறது. "என் பேட்டரி குறைந்துவிட்டது. இருட்டிக்கொண்டு வருகிறது." செவ்வாயில் தன்னந்தனியாக நின்று உயிர்விட்ட ஆப்பர்ச்சுனிட்டி என்ற ரோவர் (தரையில் ஓடும் ஆய்வு வண்டி) பூமிக்கு அனுப்பிய கடைசிச் செய்தி இதுதான் என்று ஒரு குறிப்பும் கூடவே வரும். சிவப்பு மணலில் தலைகவிழ்ந்து நிற்கும் இயந்திரத்தின் ஓவியம், சில சமயம் அதன் கண்ணில் ஒரு சொட்டு நீர், அதற்குக் கீழே வரிசையாக அழுகை முகங்கள். பேசாமல் இருந்துவிடலாம்தான். என் சுபாவம் விடுவதில்லை. அப்படி ஒரு செய்தி வரவே இல்லை என்று எழுதிவிடுவேன். 2019 பிப்ரவரியில், நாசா அந்தப் பணியை முடித்துக்கொள்ளும் நேரத்தில், அமெரிக்க வானொலிச் செய்தியாளர் ஒருவர் விஞ்ஞானிகள் விளக்கியதைத் தம் சொற்களில் சுருக்கி ட்விட்டரில் போட்டார். அது ரோவரின் வாய்மொழியாக உலகம் சுற்றத் தொடங்கிவிட்டது. 2018 ஜூன் 10 அன்று ஆப்பர்ச்சுனிட்டியிடமிருந்து உண்மையில் வந்தவை மின்சாரத்தின் அளவும் காற்றிலிருந்த தூசியின் அளவும் சொல்லும் எண்களும், சில படங்களும்தான்.

போன முறை இதை எழுதியபோது, பல ஆண்டுகளாகத் தெரிந்த நண்பர் ஒருவர் "உங்களுக்கு மனசே கிடையாதா?" என்று கேட்டுவிட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் குழுவில் அந்த ரோவரின் படங்களை ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அழுகை முகம் போட்டவர்களில் பலருக்கு அது செவ்வாயின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பது கூடத் தெரியாது. இதைச் சொன்னால் கர்வம் போலத் தோன்றும் என்பதால் அங்கே சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆல்பத்தில் சேராத படங்கள்

2004 ஜனவரியில் ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி என்ற இரட்டை ரோவர்கள் மூன்று வார இடைவெளியில் செவ்வாயில் இறங்கின. அப்போது அந்தப் பணியின் தலைமை விஞ்ஞானி ஸ்டீவ் ஸ்குயர்ஸ் குழுவினர் எடுத்த ஒரு முடிவுதான் என்னைப் போன்றவர்களைப் பிடித்துக்கொண்டது. படங்கள் பூமிக்கு வர வர, தேர்ந்தெடுக்காமல், மெருகேற்றாமல், அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் காலையில் எதைப் பார்க்கிறார்களோ, கிட்டத்தட்ட அதே நேரத்தில் அதையே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பத்திரிகைகளில் வருபவை கல்யாண ஆல்பத்துக்குத் தேறிய படங்கள் என்றால், இவை புகைப்படக்காரர் ஒதுக்கிவைத்த மிச்சம். ஆப்பர்ச்சுனிட்டி அனுப்பியவை மொத்தம் 2,17,000 படங்களுக்கும் மேல். அவற்றிலிருந்து கோத்த முழுச்சுற்று வண்ணப் பனோரமாக்கள் வெறும் 15.

மிச்சத்தில் என்ன இருக்கும்? பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. சாம்பல் நிறத்தில் தரை. அதே தரை, அரை அடி தள்ளி. ஒரே கல்லை வேறு வேறு ஃபில்டர்கள் வழியாக எடுத்த அச்சு அசலான படங்கள். பாதியில் அறுந்து கறுப்புப் பட்டையாக முடிபவை. தன் சக்கரத்தைத் தானே பார்த்துக்கொள்பவை. நாளடைவில் கோப்பின் பெயரைப் பார்த்தே என்ன படம் என்று சொல்லிவிட முடிந்தது. முதல் எழுத்து 1 என்றால் ஆப்பர்ச்சுனிட்டி, 2 என்றால் ஸ்பிரிட். அடுத்து பி வந்தால் கம்பத்தின் உச்சியிலிருக்கும் பான்கேம், என் வந்தால் வழிகாட்டும் கேமரா, எஃப் என்றால் முன்சக்கரங்களைப் பார்ப்பது, ஆர் என்றால் பின்சக்கரங்கள், எம் என்றால் கையின் முனையில் இருக்கும் நுண்ணோக்கி. அதற்குப் பின் வரும் நீண்ட எண், 2000 ஜனவரி 1 நண்பகலிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் விநாடிக் கணக்கு.

இதில் ஒரு ருசி இருக்கிறது. பான்கேம் தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தது. குள்ளமான ஒரு மனிதர் நின்று பார்க்கும் உயரம். அதன் கூர்மையும் நல்ல கண்ணுள்ள மனிதரின் பார்வைக்கு நிகர். அதனால் படங்களைப் பார்க்கும்போது யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் நிற்பது போன்ற உணர்வு வந்துவிடும். அந்த யாரோ எங்கே திரும்பிப் பார்க்கிறார் என்பதை வைத்து நாளைக்கு எங்கே போகப் போகிறார் என்று ஊகிக்கலாம். இடப்பக்கத்துக் கல்லை ஃபில்டர் மாற்றி மாற்றி எடுத்திருந்தால், கை அதை நோக்கி நீளப் போகிறது என்று பொருள். தொலைவில் ஒரே திசையில் வழிகாட்டும் கேமரா அடுக்கடுக்காக எடுத்திருந்தால், வண்டி கிளம்பப் போகிறது. என் ஊகம் பலிக்கும் காலைகளில் அலுவலகத்தில் என்னைக் கையில் பிடிக்க முடியாது.

மணலில் ஐந்து வாரம்

தொடக்கத்தில் எல்லோரையும் போலத்தான் நானும் காட்சிகளைத் தேடினேன். ஆப்பர்ச்சுனிட்டி அதற்கு வாகான இடத்தில் விழுந்திருந்தது. மெரிடியானி சமவெளி என்ற மகா வெட்டவெளியில், காற்றுப்பைகளுக்குள் உருண்டு உருண்டு, 22 மீட்டர் அகலமே உள்ள ஒரு சின்னஞ்சிறு பள்ளத்துக்குள் போய் நின்றது. கண்ணைத் திறந்ததும் எதிரே அடிப்பாறை. அதில் மிளகளவே இருக்கும் உருண்டைகள் பதிந்து கிடந்தன. ஹெமடைட் என்ற இரும்புக் கனிமம் கொண்ட அந்த உருண்டைகளும், பாறையிலிருந்த சல்பேட் உப்புகளும், ஒரு காலத்தில் அங்கே தண்ணீர் நனைத்திருந்தது என்பதற்குச் சாட்சி ஆயின. 90 சோல் உழைத்தால் போதும் என்று அனுப்பிய வண்டி. செவ்வாயின் ஒரு நாளைத்தான் சோல் என்கிறார்கள், நம் நாளைவிடச் சுமார் 40 நிமிடம் நீளம். வந்த சில வாரங்களிலேயே வந்த காரியத்தை முடித்துவிட்டது. பிறகு எண்டியூரன்ஸ் என்ற பெரிய பள்ளம், 2005 ஜனவரியில் தன்னுடைய வெப்பக் கவசம் உடைந்து கிடந்த இடம், அதன் அருகிலேயே ஓர் இரும்பு விண்கல். வேறொரு கோளின் தரையில் மனிதர் கண்டெடுத்த முதல் விண்கல் அது. படத்துக்குப் படம் விருந்து.

பிறகு 2005 ஏப்ரல் 26. அன்று வந்த படங்களில் பின்னால் நீண்ட தடம் திடீரென்று ஆழமாகி, அப்படியே நின்றுபோயிருந்தது. சக்கரங்களின் பாதிக்கு மேல் மணலில். முப்பது சென்டிமீட்டர் உயரமே இருக்கும் ஒரு மணல் மேடு, அதைப் போல நூறு மேடுகளை வண்டி ஏற்கெனவே தாண்டியிருக்கிறது. இதில் மட்டும் சிக்கிக்கொண்டது. முன்கூட்டியே கொடுத்த உத்தரவுப்படி வண்டி போய்க்கொண்டிருந்ததால், தான் நகரவில்லை என்பதே அதற்குத் தெரியவில்லை. சக்கரங்கள் பாட்டுக்குச் சுற்றிச் சுற்றித் தோண்டியிருக்கின்றன. அந்த மேட்டுக்குப் பர்கட்டரி என்று பெயர் வைத்தார்கள். கத்தோலிக்க மரபில் ஆன்மாக்கள் சொர்க்கத்துக்குப் போகும் முன் காத்துக் கிடக்கும் இடம்.

என் அப்பாவுக்கு இந்த விஷயத்தில் அதுவரை பெரிய ஈடுபாடு கிடையாது. "பஞ்சர் ஆகாதா?" என்று ஒருமுறை கேட்டார். காற்றே கிடையாது, முழுக்க அலுமினியச் சக்கரம் என்றேன். அத்தோடு சரி. புதைந்த செய்தி கேட்டதும் அவருக்கு அக்கறை வந்துவிட்டது. "ஆளே இல்லாத இடத்தில் வண்டி மாட்டிக்கொண்டால் யாரப்பா தள்ளுவது?" நியாயமான கேள்வி. கலிபோர்னியாவில் ரோவரை இயக்கிய ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருந்தவர்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கூடத்தில் மணலும் களிமண்ணும் வேறு பொடிகளும் கலந்து செவ்வாயின் மண்ணைப் போன்ற ஒன்றைக் குவித்தார்கள். அதில் சோதனை ரோவரை வேண்டுமென்றே புதைத்து, எப்படி வெளியே எடுப்பது என்று நாள்கணக்கில் பார்த்தார்கள். கடைசியில் கண்டுபிடித்த உபாயம் எந்த லாரி ஓட்டுநருக்கும் தெரிந்ததுதான். நேராக, பின்பக்கமாக, பதற்றமில்லாமல் சுற்று.

அந்த வாரங்களில் தளத்தில் வந்தவை ஏறக்குறைய ஒரே படம். இரண்டு சக்கரங்கள், மாவு அப்பியது போல இடுக்குகளில் மண். அடுத்த நாள் அதே படம். நேற்றையதையும் இன்றையதையும் இரண்டு சன்னல்களில் திறந்துவைத்து மாற்றி மாற்றிப் பார்ப்பேன். சக்கரத்தின் பக்கத்தில் ஒரு கட்டி மண் இடம் மாறியிருக்கும். அவ்வளவுதான். சறுக்கல் இல்லாத தரையாக இருந்திருந்தால் 192 மீட்டர் போயிருக்கக்கூடிய அளவுக்குச் சக்கரங்கள் சுற்றின. வண்டி நகர்ந்ததோ ஒரு மீட்டருக்கும் குறைவு. "இன்றைக்கு எவ்வளவு?" என்று அப்பா கேட்பார். "இரண்டு சென்டிமீட்டர் இருக்கும்" என்பேன். "பரவாயில்லை" என்பார். ஜூன் 4 அன்று வெளியே வந்தது. அதற்குப் பின் மலை, பள்ளம், அந்திவானம் எது வந்தாலும் நான் முதலில் திறப்பது எஃப், ஆர் என்ற எழுத்துகள் கொண்ட கோப்புகளைத்தான். சக்கரம் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் காட்சி.

காட்சியை அனுபவிப்பவன் யாராகவும் இருக்கலாம். ஆனால் ஒரே படத்தை ஐந்து வாரம் பார்த்தவனுக்கு அந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பவர்கள் தெரியத் தொடங்கிவிடுகிறார்கள். நேற்றைய படத்தைப் பார்த்து யாரோ ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். அந்த முடிவு இன்றைய படத்தில் இரண்டு சென்டிமீட்டராக இருக்கிறது.

பின்னால் பார்த்தபடி முன்னேறியது

பர்கட்டரிக்குக் கொஞ்சம் முன்னதாகவே வலது முன்சக்கரத்தைத் திருப்பும் பொறி முடங்கிவிட்டிருந்தது. பிற்காலத்தில் அதே சக்கரம் அதிக மின்சாரம் இழுக்கத் தொடங்கியதால் வண்டியைப் பெரும்பாலும் பின்பக்கமாகவே ஓட்டினார்கள். 2008இல் விக்டோரியா பள்ளத்திலிருந்து ஏறி வந்து, 22 கிலோமீட்டர் அகலமுள்ள எண்டவர் பள்ளத்தை நோக்கிக் கிளம்பிய மூன்றாண்டுப் பயணம் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. பின்பக்கக் கேமராவில் போகும் வழி தெரியும், முன்பக்கக் கேமராவில் வந்த தடம் தெரியும். புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அந்தத் தடங்களில் எனக்குப் பிடித்தது 2010இல் வந்த ஒரு படம். நேராக ஓடும் இரட்டைக்கோட்டில் ஒரு மீட்டர் சொச்சத்துக்கு ஒருமுறை ஒரு சின்னக் கோணல், நாட்டியக்காரர் காலை மாற்றி வைத்தது போல. காரணம் இதுதான்: பின்பக்கம் போகும்போது ஆன்டெனா கேமராவின் பார்வையை மறைத்தது. அதனால் வண்டி கொஞ்சம் போய், உடம்பைச் சாய்த்துத் திருப்பி, மறைப்பைத் தாண்டி எட்டிப் பார்த்து, ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு நேராகி மேலே போனது. யாரும் அங்கே இருந்து ஓட்டவில்லை. செவ்வாய் அருகில் வரும்போது கூட ஒரு உத்தரவு போய்ச்சேர மூன்று நிமிடமாவது ஆகும், தொலைவில் இருந்தால் இருபது நிமிடத்துக்கு மேல். நாளுக்கு ஒருமுறை உத்தரவுக் கட்டு ஒன்றை அனுப்பிவிட்டு, மாலையில் படம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

2009இல் இதே பயணத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. வழியில் எடுத்த படங்கள் தாமதமாக வந்துசேர்ந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓரத்தில் ஒரு கறுப்புக் கல்லைக் கண்டார்கள். அதற்குள் வண்டி சுமார் 180 மீட்டர் தாண்டிப் போய்விட்டது. திருப்பினார்கள். எண்டவருக்கு இன்னும் கிலோமீட்டர்கணக்கில் போக வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு நாளும் கடைசி நாளாக இருக்கலாம், அப்படியும் ஒரு கல்லுக்காகத் திரும்பினார்கள். அது அரை மீட்டருக்கும் மேல் அகலமுள்ள இரும்பு விண்கல்லாக இருந்தது. எனக்கென்னவோ, செவ்வாயில் நடந்தவற்றிலேயே மிகவும் மனிதத்தனமான செயல் இதுதான் என்று தோன்றுகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2014 ஜனவரியில், சில நாள்களுக்கு முன் வெறுமையாக இருந்த இடத்தில் ஒரு கல் இருப்பதாகப் படம் காட்டியது. நடுவில் சிவப்பு, ஓரத்தில் வெள்ளை. உலகமே பரபரத்தது, நாசாவின் மேல் ஒருவர் வழக்கே போட்டார். வண்டி திரும்பும்போது சக்கரம் இடறித் தெறித்த கல் என்று பிறகு தெரிந்தது. சக்கரத்தை முதலில் பார்ப்பவர்களுக்கு அது அத்தனை வியப்பில்லை.

நிறம் வராத கட்டங்கள்

இப்போது அந்தக் கடைசிப் படங்களுக்கு வருகிறேன். 2017 முதல் ஆப்பர்ச்சுனிட்டி எண்டவரின் விளிம்பில், உட்புறம் சரியும் ஒரு சிறு பள்ளத்தாக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. பர்சிவரன்ஸ் பள்ளத்தாக்கு என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரில் ரோவர் வந்ததெல்லாம் அதற்குப் பின். வண்டி அப்போது நன்றாக மூத்துவிட்டிருந்தது. ஃபிளாஷ் நினைவகம் கெட்டுப்போனதால் அன்றைய படத்தை இரவுத் தூக்கத்துக்கு முன் அனுப்பியாக வேண்டும், இல்லையென்றால் அது போயே போய்விடும். 2018 பிப்ரவரியில், ஐயாயிரமாவது சோலில், முதன்முதலாகத் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டது. எடுத்தது நுண்ணோக்கிக் கேமரா. சில சென்டிமீட்டர் தொலைவில் உள்ளதை மட்டுமே தெளிவாகக் காட்டக்கூடியது. ஆகவே பதினான்கு ஆண்டு காத்திருந்து எடுத்த படம் புகைமூட்டமாக வந்தது. அந்தக் கலங்கலை நான் பெரிதும் விரும்புகிறேன். ஆல்பத்துக்காக எடுத்தது இல்லை என்பது பார்த்ததுமே தெரிகிறது.

மே 13 அன்று ஒரு பனோரமா தொடங்கினார்கள். நாளுக்குக் கொஞ்சமாக, ஜூன் 10 வரை, 354 படங்கள். பான்கேமுக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு இடத்தையும் அகச்சிவப்பை ஒட்டிய ஒன்று, பச்சை ஒன்று, ஊதா ஒன்று என மூன்று ஃபில்டர்களில் தனித்தனியாக எடுத்துப் பூமிக்கு அனுப்பும். இங்கேதான் மூன்றையும் ஒன்றாக்கி வண்ணம் வரவைப்பார்கள். 2019 மார்ச்சில் கோத்து வெளியிட்ட அந்தப் பனோரமாவில் வலமிருந்து இடமாக விளிம்புச் சரிவு, வண்டி இறங்கி வந்த தடம், கீழே எண்டவரின் தரை எல்லாம் நிறத்தோடு இருக்கின்றன. கீழ் இடப்பக்கத்தில் மட்டும் சில கட்டங்கள் கறுப்பு வெள்ளை. அந்த இடங்களுக்குப் பச்சையும் ஊதாவும் எடுப்பதற்குள் தூசிப்புயல் வந்துவிட்டது.

வாட்ஸ்அப் ஓவியத்தில் இருக்கும் கண்ணீரை விட இந்தக் கட்டங்கள் என்னை அதிகம் தொந்தரவு செய்தன. அவற்றில் விடைபெறும் பாவனை எதுவும் இல்லை. ஒருவர் வேலைப் பட்டியல் போட்டிருக்கிறார், இந்த இடம், இந்த ஃபில்டர், மிச்சம் நாளைக்கு. அந்த நாளை வரவில்லை. ஜூன் 10 அன்று சூரியத் தகடுகளிலிருந்து கிடைத்தது 22 வாட்-மணி. இறங்கிய புதிதில் 900 வரை கிடைத்தது. அன்று எடுத்த படங்களும் அழகுக்காக எடுத்தவை அல்ல. தூசி எவ்வளவு அடர்த்தி என்று கணக்கிடச் சூரியனை நோக்கி எடுத்தவை. ஒன்றில் மங்கலான ஒரு புள்ளி. கடைசிப் படத்தில் கறுப்பின் மேல் வெள்ளைப் பொட்டுகள், பலர் அதை நட்சத்திரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், கேமராவுக்குள்ளேயே தோன்றும் பொய்ப் புள்ளிகள்தான் அவை. அடிப்பகுதி வந்துசேரும் முன்பே ஒலிபரப்பு நின்றுவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உத்தரவுகளை அனுப்பிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, எட்டு மாதத்துக்குப் பின் கைவிட்டார்கள். மொத்தம் ஓடிய தூரம் 45 கிலோமீட்டர் சொச்சம். பூமிக்கு வெளியே வேறெந்த வண்டியும் அதற்கு முன் அவ்வளவு ஓடியதில்லை.

நண்பரின் கேள்விக்கு அப்போது பதில் சொல்லவில்லை. யோசித்தால் அந்த வாசகத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபம் அது பொய் என்பதற்காக மட்டும் இல்லை. அது ரோவரைத் தனியாள் ஆக்கிவிடுகிறது. 2,17,000 படங்களில் எந்தப் படமும் தனியாள் எடுத்தது கிடையாது. எந்தக் கல், எந்தக் கோணம், எந்த ஃபில்டர், எத்தனை மணிக்கு என்று ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போட்டவர்கள் எடுத்தவை. இருட்டில் நிற்கும் அநாதையாக அதை ஆக்கிவிட்டால், அந்தச் சண்டை எதற்காக நடந்தது என்பது மறைந்துவிடுகிறது.

அது பர்சிவரன்ஸ் பள்ளத்தாக்குக்காக நடந்தது. அதைச் செதுக்கியது ஓடும் தண்ணீரா, சேறும் பனியும் கலந்த சரிவா, காற்றா என்று பார்க்கத்தான் வண்டியை அங்கே இறக்கினார்கள். 2018 தொடக்கத்தில் சரிவில் வரிவரியாகக் கற்கள் ஒதுங்கியிருக்கும் படங்கள் வந்தன. பூமியில் ஹவாயின் மௌனா கேயா போன்ற குளிர்ந்த மலைச்சரிவுகளில், ஈரமண் உறைந்து உருகி உறைந்து அப்படிக் கற்களை வரிசைப்படுத்தும். செவ்வாயில் அதே காரணம்தானா, காற்று செய்த வேலையா என்று குழுவுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. வண்டி நிற்பது பள்ளத்தாக்கின் பாதி வழியில். அடிவாரம் வரை போய், மேலிருந்து அடித்துவரப்பட்டது என்ன குவிந்திருக்கிறது என்று பார்த்திருந்தால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். பனோரமாவில் அந்த அடிவாரம் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் கற்களின் உருவம் வரை தெரியும், ஓரம் தண்ணீரில் தேய்ந்து உருண்டதா, கூராகவே இருக்கிறதா என்று தீர்மானிக்கும் அளவுக்கு மட்டும் தெரியாது.